விசாவில் இருப்பவரும் வாக்காளர்தான்

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் அறங்காவலர் சபைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

ஜனவரி பிறந்தால் உங்களில் பலருடைய மண்டபத்தில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பொன்னாடை போர்த்துகிறோம். அவர் “வணக்கம்” என்று ஒரு சொல் சொல்கிறார், கைதட்டுகிறோம். படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டு, பொங்கலும் வடையும் கொடுத்து அனுப்பிவைக்கிறோம். அவர் இருக்கிற நேரத்தில் விசா பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதே மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவர்கள், சமையல் கட்டில் நிற்கிறவர்கள் பலர் விசாவில் இருப்பவர்கள்தான். அவர்களுக்காகவே இந்த மடல்.

2025 நவம்பர் 20 அன்று உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் ஒரு திட்டத்தை முன்வைத்தார். இதுவரை 5 வருடத்தில் கேட்கக்கூடியதாக இருந்த நிரந்தர வதிவிட உரிமை, அதாவது ஐஎல்ஆர், இனிப் பொதுவாக 10 வருடம். பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழே என்று வகுக்கப்பட்ட வேலைகளுக்கு 15 வருடம். கெயார் வேலை, அதாவது முதியோர், நோயாளர் பராமரிப்பு வேலை, அதில்தான் வருகிறது. அரச உதவிப்பணம் எடுத்திருந்தால் மேலும் 5 வருடம், 12 மாதத்துக்கு மேல் எடுத்திருந்தால் 10 வருடம் கூடும். மூன்று வருடம் தொடர்ந்து 125,140 பவுண்டுக்கு மேல் உழைத்தவருக்கு 7 வருடம் கழிவு. ஐஎல்ஆர் கிடைத்தாலும் உதவிப்பணம் கிடையாது, குடியுரிமை எடுத்த பிறகே என்று ஒரு யோசனையும் உண்டு. இவையெல்லாம் இனி வருபவர்களுக்கு மட்டும் அல்ல, பழைய விதியை நம்பி ஏற்கெனவே வந்து வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதுதான் திட்டம். பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் காலம் 2026 பெப்ரவரி 12 அன்று முடிந்தது.

ஏற்கெனவே ஐஎல்ஆர் கையில் இருப்பவர்களைத் தொடமாட்டோம் என்றும் அமைச்சர் சொன்னார். அதைக் கேட்டதும் நம்மில் பலர் “அப்பாடா” என்று அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். அதோடு ஒரு பேச்சும் கிளம்பியது. கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் நான் கேட்ட பேச்சு: “இப்ப வாறதுகள் எல்லாம் பெனிபிட் எடுக்கத்தானே வருகுதுகள்.”

சரி, அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ வரும் ஒருவருக்கு அரச நிதி கிடையாது என்பது விசாவின் நிபந்தனை. முன்பு அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். இப்போது ஈ-விசா கணக்கைத் திறந்தால் வருகிறது. இதற்கான சட்டம் 1999இல் வந்தது. குறைந்த வருமானத்துக்கான யூனிவர்சல் கிரெடிட், வாடகைக்கான ஹவுசிங் பெனிபிட், பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிபிட், மாற்றுத்திறனாளிகளுக்கான பிப், கவுன்சில் வரிச் சலுகை, கவுன்சில் வீடு ஒன்றும் இல்லை. எடுத்தால் விசாவே போகும். பெனிபிட் எடுக்க வருகிறார்கள் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர்களால் எடுக்கவே முடியாது. என்ஹெச்எஸ் என்ற அரச மருத்துவ சேவை, அரசப் பள்ளிக்கூடம், சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியதால் வரும் ஓய்வூதியம், சட்டப்படியான நோய்க்காலச் சம்பளம் ஆகியவை இந்தத் தடைக்குள் வராது. அவ்வளவுதான்.

என்ஹெச்எஸ்கூட இலவசம் இல்லை. வரியும் இன்ஷூரன்ஸும் கட்டியது போக, விசாவோடு சேர்த்து முன்கூட்டியே மருத்துவ மேல்கட்டணம் கட்ட வேண்டும். 2015இல் வருடத்துக்கு 200 பவுண்டாகத் தொடங்கியது, 2024 பெப்ரவரியில் 1,035 ஆகிவிட்டது. 18 வயதுக்குக் கீழே 776. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 18,110 பவுண்ட். ஐந்து வருடம் பத்தாகும்போது இந்தத் தொகையும் இரண்டு மடங்காகும். கடைசியில் ஐஎல்ஆர் விண்ணப்பத்துக்கு, 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி, ஆளுக்கு 3,029 பவுண்ட். சுகாதார, பராமரிப்பு விசாவில் வந்தவர்களுக்கு மருத்துவ மேல்கட்டணம் மட்டும் விலக்கு.

நான் வார இறுதியில் தெரிந்தவர்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்வேன், ஊர்ப் பத்திரங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். விசா ஆலோசனை சொல்வதில்லை. உரிமம் இல்லாமல் அதைச் செய்வது குற்றம்; நம் கடைத்தெருக்களில் இது பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் கவலைப்படுவதில்லை. அப்படி என்னிடம் வரும் ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். வவுனியாப் பக்கம். மனைவி 2022 கடைசியில் கெயார் விசாவில் வந்தார், கணவர் கூட வந்தார், 2023இல் இங்கேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. மனைவி முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து குழந்தையைக் கையில் வாங்குவார், கணவர் சூப்பர்மார்க்கெட் களஞ்சிய வேலைக்கு ஓடுவார். இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது கிழமையில் ஒரு நாள்.

ஏன் குழந்தையை நர்சரியில் விடுவதில்லை? வேலை செய்யும் பெற்றோருக்கு அரசு கொடுக்கும் 30 மணி நேர இலவசப் பராமரிப்பு, பெற்றோர் இருவருக்கும் அரச நிதித் தடை இருந்தால் கிடையாது. மூன்று வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள 15 மணி நேரம் மட்டும் கிடைக்கும். பக்கத்து வீட்டில் இதே சம்பளம் வாங்குபவருக்கு அந்த 30 மணி நேரம் உண்டு. இருவர் சம்பளத்திலும் ஒரே வீதத்தில்தான் நேஷனல் இன்ஷூரன்ஸ் பிடிக்கிறார்கள்.

அந்தக் குழந்தையின் நிலைமையைப் பாருங்கள். பெற்றோருக்கு ஐஎல்ஆர் இல்லாததால் இங்கே பிறந்தும் பிரிட்டிஷ் இல்லை. பழைய கணக்கில் 2027இல் பெற்றோர் விண்ணப்பிக்க, பிள்ளையும் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தார்கள். 15 வருடம் என்றால் 2037. பிறந்து 10 வருடம் இங்கேயே வளர்ந்த பிள்ளைக்குத் தனியாகப் பதிவு செய்யும் உரிமை உண்டு. ஆக 2033இல் பத்து வயதுப் பிள்ளையின் கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கும், தாய் தகப்பன் இன்னும் நான்கு வருடம் விசாவிலேயே ஓட்டுவார்கள். அந்த நான்கு வருடமும் அந்த பிரிட்டிஷ் பிள்ளைக்கு சைல்ட் பெனிபிட்கூட வராது, கேட்க வேண்டியவர் பெற்றோர் என்பதால். 2025-26இல் முதல் பிள்ளைக்கு வாரம் 26 பவுண்டும் சில்லறையும் கொடுத்த திட்டம் அது.

பணத்தைவிட என்னை உறுத்துவது முதலாளியின் கையில் இருக்கும் பிடி. வேலை போனால் உதவிப்பணம் இல்லை. ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, விலகினால் பொதுவாக 60 நாளுக்குள் இன்னொருவரைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்த நிலையில் இருப்பவர் சம்பளம் குறைத்தால் கேட்பாரா? சொன்ன மணி நேரத்தில் பாதி கொடுத்தால் கேட்பாரா? 2022 ஜூலையிலிருந்து 2024 முடிவு வரை பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை அரசே ரத்து செய்தது. அவற்றோடு இணைந்திருந்த தொழிலாளர்கள் 39,000 பேருக்கு மேல். தவறு செய்தது நிறுவனம், நாட்கணக்கை எண்ணியது தொழிலாளி. இப்போது இதே ஸ்பான்சர் பிடியை 5 வருடத்திலிருந்து 15 வருடத்துக்கு நீட்டப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்களை ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விற்ற இடைத்தரகர்களில் நம் ஆட்கள் இல்லையா? அவர்களில் சிலருடைய பெயர் உங்கள் ஆண்டு மலரில் அனுசரணையாளர் பக்கத்தில் முழுப் பக்கமாக வரவில்லையா? பெயர் சொல்ல நான் வரவில்லை. மலர்க் குழுவுக்குத் தெரியும்.

நிபந்தனை இவ்வளவு கடுமையானது என்பது ஆட்சியில் இருந்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. 2020 மே 27, கொரோனா முடக்க காலம். பாராளுமன்றக் குழுக்களின் தலைவர்கள் பிரதமர் பொரிஸ் ஜோன்சனைக் கேள்வி கேட்கிறார்கள். ஈஸ்ட் ஹாம் தொகுதி உறுப்பினர் ஸ்டீவன் டிம்ஸ் தன் தொகுதிக் குடும்பம் ஒன்றைச் சொன்னார்: பாகிஸ்தானிலிருந்து வந்து வருடக்கணக்காக வேலை செய்கிறவர்கள், பிள்ளைகளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், வேலை நின்றுவிட்டது, உதவி இல்லை. அவர்களுக்கு ஏன் யூனிவர்சல் கிரெடிட் கிடைக்காது என்று பிரதமர் திருப்பிக் கேட்டார். தன் அரசு நடைமுறைப்படுத்தும் விதி அது என்பதை அவருக்கு அங்கே வைத்துத்தான் விளக்க வேண்டியிருந்தது. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் தோசைக்கடையில் வேலை செய்யும் எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

“நாங்கள் வந்தபோது எங்களுக்கு யார் என்ன செய்தார்கள்” என்று கேட்கும் மூத்தவர்களுக்கு: செய்தார்கள். 1980களிலும் 90களிலும் அகதிகளாக வந்த நம்மில் பெரும்பாலானோர் சோசல் காசில்தான் முதல் வருடங்களை ஓட்டினோம். கவுன்சில் வீட்டில் பிள்ளைகளை வளர்த்தோம், இரவில் பெட்ரோல் செட்டில் நின்று பகலில் படித்தோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அகதிக்கு அந்த உரிமை இன்றும் உண்டு. வேலை விசாவில் வருபவருக்கு அதில் கால்வாசியும் கிடையாது, அவர் வந்த நாளிலிருந்தே வரி கட்டுகிறார்.

கதவு மூடப்படுவதும் நமக்குப் புதிது அல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, காமன்வெல்த் என்கிற பொதுநலவாய நாட்டவர் எவரும் இங்கே வந்து வாழலாம், வேலை செய்யலாம். 1962இல் வேலை வவுச்சர் முறை வந்தது. 1968இல் கென்யா ஆசியர்களைத் தடுக்க மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். கதவை இன்னும் இறுக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் 1973 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்புறம் 1985இல், நம் ஆட்கள் ஓடி வரத் தொடங்கியதும், இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கினார்கள். பொதுநலவாய நாடு ஒன்றின் மீது பிரித்தானியா விதித்த முதல் விசாக் கட்டுப்பாடு அது. இந்தியா, பாகிஸ்தான், நைஜீரியா எல்லாம் அதற்குப் பிறகுதான். 1987இல் ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற கப்பலில் தமிழர்களை அடைத்து வைத்ததும், அக்டோபர் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து போனதும் உங்களில் சிலருக்கு நேரடியாகவே நினைவிருக்கும்.

ஆனால் அந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நேர்மை இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் இங்கே குடியேறி இருந்தவர்களைத் தொடாமல் விட்டார்கள். அவர்களுக்குக் கால எல்லையற்ற உரிமை கொடுத்தார்கள். கொடுத்ததற்குக் காகிதம் கொடுக்கவில்லை, பதிவும் வைக்கவில்லை. அதன் விளைவுதான் 2018இல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரம். கரீபியன் நாடுகளிலிருந்து சிறுவயதில் வந்து, நாற்பது ஐம்பது வருடம் வரி கட்டியவர்களிடம் “ஆதாரம் எங்கே” என்று கேட்டார்கள். வேலையும் வீடும் உதவிப்பணமும் போயின, சிலருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையே தள்ளிப்போனது. உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். அவர்களும் பொதுநலவாயத்தில் இருந்து வந்தவர்கள்தான். அந்த நாட்களில் நம் சங்கங்கள் எதுவும் அவர்களுக்காக ஒரு கூட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

வந்தவர்களுக்கு நடுவழியில் விதியை மாற்றுவதை நீதிமன்றம் ஏற்கெனவே ஒருமுறை தடுத்திருக்கிறது. 2006இல் ஐஎல்ஆருக்கான காலத்தை 4 வருடத்திலிருந்து 5 ஆக்கினார்கள், உயர்திறனாளர் விசாவின் நிபந்தனைகளையும் மாற்றினார்கள். அந்த விசாவில் வந்திருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2008இலும் 2009இலும் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது: என்ன சொல்லி வரவழைத்தீர்களோ அதைக் காப்பாற்றுங்கள் என்பதே அதன் சாரம். இந்த முறையும் நீதிமன்றம் அப்படியே சொல்லும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். அதனால்தான் அரசியலில் கேட்க வேண்டும் என்கிறேன்.

கேட்பதற்கான பலம் ஒன்று நம்மிடம் இருக்கிறது, நாம் அதை மதிப்பதே இல்லை. பொதுநலவாய நாட்டுக் குடிமகன் ஒருவர் செல்லுபடியான எந்த விசாவில் இங்கே வசித்தாலும், 18 வயதாகிவிட்டால், பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் அடக்கம். 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில், லண்டனில் முப்பது வருடம் வாழ்ந்த ஜெர்மன்காரருக்கு வாக்கு இல்லை. முந்தின செப்டம்பரில் மாணவர் விசாவில் வந்திறங்கிய கோயம்புத்தூர்ப் பையனுக்கு இருந்தது. சாம்ராஜ்யக் காலத்து மிச்சம் என்று சொல்வார்கள். இருக்கட்டும், மிச்சத்தில் நல்லதும் உண்டு. இன்னொரு மிச்சத்தையும் பாருங்கள்: பாட்டனோ பாட்டியோ பிரித்தானியாவில் பிறந்திருந்தால், பொதுநலவாய நாட்டவருக்கு ஸ்பான்சர் இல்லாமலே வந்து வேலை செய்ய ஐந்து வருட விசா கொடுக்கிறார்கள். அது யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2023 நடுப்பகுதி வரையான ஒரு வருடத்தில் நிகரக் குடிவரவு 9 இலட்சத்தைத் தாண்டியது. எந்த நாட்டுக்கும் அது பெரிய எண். வீடு இல்லை, வாடகை ஏறுகிறது, கவுன்சில் காத்திருப்புப் பட்டியலில் வருடக்கணக்கில் நிற்பவர்கள் நம் ஆட்களும்தான். “முதலில் கட்டு, பிறகு எடு” என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கட்டியதைக் கணக்கில் எடுங்கள். இரண்டு மூன்று வருடம் நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியவருக்கு சைல்ட் பெனிபிட்டும் குழந்தைப் பராமரிப்பு மணி நேரமும் கொடுத்தால் அந்தக் கொள்கைக்கு என்ன குறைந்துவிடும்? புதிய காலக்கணக்கு வேண்டுமென்றால், ஒரு தேதியை அறிவித்து அதற்குப் பிறகு வருபவர்களுக்கு வைக்கட்டும். வருபவர் தெரிந்துகொண்டு வருவார், அல்லது கனடாவுக்குப் போவார். வந்தவரைப் பாதி வழியில் நிறுத்தி, தூரத்தைக் கூட்டுவது வேறு கதை.

“எனக்கு இதில் என்ன” என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஓய்வூதியத்தைச் சொல்கிறேன். பிரித்தானிய அரச ஓய்வூதியம் வருடா வருடம் ஏறும், நீங்கள் இங்கே இருந்தால். அமெரிக்காவில் இருந்தாலும் ஏறும், ஜமேக்காவிலும் மொரிஷியசிலும் ஏறும். இலங்கையிலோ இந்தியாவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ போய் இருந்தால், போன நாளில் உறைந்துவிடும். 2016இல் முழு ஓய்வூதியம் வாரம் 155.65 பவுண்ட். அந்த வருடம் ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்தில் போய்க் குடியிருப்பவருக்கு இன்றும் அதே 155.65தான். இங்கே இருந்திருந்தால் 2025-26இல் 230.25. இப்படி உறைந்துபோன ஓய்வூதியக்காரர்கள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 4,50,000 பேர், பெரும்பாலும் பொதுநலவாய நாடுகளில். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2010இல் தோற்றுவிட்டார்கள். பாஸ்போர்ட் இருந்தும், 35 வருடம் கட்டியும் இந்த நிலை. ஓய்வு பெற்றதும் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊரோடு போய்விடலாம் என்று கணக்குப் போடும் அண்ணாமார் இதையும் சேர்த்துப் போடுங்கள். கட்டுவதற்கு ஒரு சட்டம், எடுப்பதற்கு ஒரு சட்டம் என்பது விசாக்காரரோடு நின்றுவிடவில்லை.

குடிவரவு விதிகளை மாற்ற ஒவ்வொரு முறையும் முழுச் சட்டம் தேவையில்லை. அமைச்சர் மாற்ற அறிக்கையொன்றைச் சபையில் வைத்தால் போதும். வருடத்தில் பலமுறை வைக்கிறார்கள். ஆகவே “இனி முடிந்துவிட்டது” என்ற நாள் இதில் கிடையாது. கூட்டுவதும் குறைப்பதும் எப்போதும் நடக்கலாம், பாராளுமன்ற உறுப்பினர்கள் எவ்வளவு நெருக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து.

நான் உங்களிடம் கேட்பது சொற்பம். உங்கள் தொகுதி உறுப்பினரை அழைக்கும் கடிதத்திலேயே மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள்: ஏற்கெனவே வந்தவர்களுக்குப் புதிய காலக்கணக்கைப் பொருத்துவதை எதிர்ப்பீர்களா, இன்ஷூரன்ஸ் கட்டும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு சைல்ட் பெனிபிட் கொடுக்கச் சொல்வீர்களா, உறைந்த ஓய்வூதியத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள். முன்கூட்டியே அனுப்புவது முக்கியம். மேடையில் திடீரென்று கேட்டால் “மின்னஞ்சல் போடுங்கள்” என்று நழுவிவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. சங்கங்கள் தனித்தனியாகக் கேட்பதைவிட ஒரு தொகுதியில் உள்ளவை சேர்ந்து கேட்டால் நல்லது. பழைய மாணவர் சங்கங்கள் இரண்டு ஒரே மேடையில் ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அடுத்தது வாக்காளர் பதிவு. பெயர், முகவரி, பிறந்த தேதி, நேஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கம் இருந்தால் போனிலேயே ஐந்து நிமிட வேலை. தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே காரில் காத்திருக்கும் பெற்றோரிடம் யாராவது ஒரு இளைஞர் போய்ச் சொன்னால் போதும். வாக்குச்சாவடியில் காட்டும் அடையாளத்துக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுநலவாய நாட்டுப் பாஸ்போர்ட் எதுவும் செல்லும். இலங்கைப் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டி வாக்களித்துவிட்டு வரலாம். காலாவதியாகி இருந்தாலும், முகம் அடையாளம் தெரிந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

சில கோயில்களின் அறிவித்தல் பலகையில் “பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள் தவறாமல் வாக்களிக்கவும்” என்று ஒட்டியிருக்கிறது. நல்ல நோக்கத்தில்தான் ஒட்டியிருப்பீர்கள். தயவுசெய்து அந்த முதல் மூன்று சொற்களை எடுத்துவிட்டு “இலங்கை, இந்திய, மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்களும்” என்று சேர்த்து, இந்தக் கிழமையே புதிதாக அச்சடித்து ஒட்டுங்கள்.

அன்புடன்,
வடமேற்கு லண்டனில் இருந்து உங்கள் சங்கங்களில் ஒன்றின் சந்தாக்காரன்